அழுத்தினால் காரை வராது: ஒரு பல் சுகாதார மாணவியின் கைக்கருவிப் பயிற்சி பற்றிய நிகழ்வு ஆய்வு

இது இரண்டாண்டு பல் சுகாதார டிப்ளமோ படிக்கும் ஒரு மாணவி, களப்பயிற்சிக்காக எங்கள் மருத்துவமனைக்கு வந்தபோது நடந்ததன் பதிவு. மாணவியின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர், ஊர், கல்லூரி விவரங்களை விட்டுவிட்டேன். பல்லில் கெட்டியாகப் படியும் காரையைக் கையால் சுரண்டி எடுக்கும் கைக்கருவிகளைச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கும், கற்றுக்கொண்டு கை வலியோடு வீட்டுக்குப் போகும் மாணவர்களுக்கும் இது உதவும்.

பின்னணி

எங்கள் மருத்துவமனை ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் சாலையில் இருக்கிறது. இரண்டு நாற்காலிகள்தான். வருகிறவர்களில் பாதிப் பேர் கடல் தொழில் செய்யும் குடும்பத்தினர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள் என்பதால் எங்கள் பல் பரிசோதனை முகாம்களையும் அப்போதுதான் வைப்போம். களப்பயிற்சி மாணவர்களும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் வருவார்கள்.

பல் சுகாதாரப் பணியாளர் யார் என்பதை 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டம் வரையறுத்தது. பல் மருத்துவராக இல்லாமல், பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்து மெருகேற்றுபவர், பல் சுகாதாரம் பற்றிச் சொல்லித் தருபவர். ஆக, காரை எடுப்பது இவர்களுடைய அடிப்படை வேலை. மின்சாரத்தில் அதிர்ந்து காரையை உடைக்கும் அல்ட்ராசோனிக் கருவி வந்த பிறகு பல இடங்களில் கைக்கருவிப் பயிற்சி ஒப்புக்கு நடக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் முகாமுக்குப் போனால் கரண்ட் இருக்கும் என்று சொல்ல முடியாது. சில பழைய பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு ஒருவகை அல்ட்ராசோனிக் கருவியைப் பயன்படுத்தத் தயங்குவோம். காசநோய் சிகிச்சையில் இருப்பவர் வாயில் தண்ணீர்ச் சாரல் கிளப்புவதும் சரியில்லை. இதையெல்லாம் விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஈறுக்கு அடியில் காரை இருக்கிறதா, போய்விட்டதா என்று கடைசியில் சொல்வது விரல்தான். அந்த விரலைப் பழக்குவது கைக்கருவி.

மாணவி இரண்டாம் ஆண்டு. தேர்வில் நல்ல மதிப்பெண். எந்தப் பல்லின் எந்தப் பக்கத்துக்கு எந்த எண் கிரேசி க்யூரெட் (ஈறுக்கு அடியில் சுரண்டும் வளைந்த முனைக் கைக்கருவி) என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்: 11/12 கடைவாய்ப் பல்லின் முன்பக்கத்துக்கு, 13/14 பின்பக்கத்துக்கு. கடற்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்து கொடுத்துப் பழகியவர். கை வேகம் என்று சொன்னால் அப்படியொரு வேகம்.

முதலில் தெரிந்தது

முதல் சில நாள்களில் நாங்கள் பார்த்தது பல்லை மட்டும்தான். கீழ் முன்பற்களின் உள்பக்கம், அதாவது நாக்குப் பக்கம், காரை அதிகம் படியும் இடம். உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் அங்கே திறப்பதால் அப்படி. மாணவி அந்த இடத்தைச் சுத்தம் செய்து முடித்ததும் பார்த்தால் பளிச்சென்று இருக்கும். காற்றடித்துக் காய வைத்ததும் சுண்ணாம்பு பூசியது போன்ற திட்டுகள் தெரியும். ஈறுக்கு அடியிலோ நிலைமை இன்னும் மோசம். எக்ஸ்ப்ளோரர் என்னும் மெல்லிய கூர்முனைக் கருவியை வைத்துத் தடவினால் வழுக்கும், ஆனால் பல்லின் வளைவு அங்கே சற்றுப் புடைத்து நிற்கும். காரையின் மேல்தோல் மட்டும் தேய்ந்து, அடிப்பகுதி மெருகு போட்டது மாதிரி பல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இப்படி வழவழப்பாகிப்போன காரை சொரசொரப்பாக இருக்கும் காரையைவிடத் தொல்லை. கைக்குத் தட்டுப்படாது, அடுத்தவர் எடுப்பதும் கஷ்டம்.

இரண்டு நோயாளிகளுக்கு ஈறில் சின்னச் சின்னக் கீறல். ஒருவர் மறுநாள் வந்து, "தண்ணி குடிச்சாலே சுருக்குங்குது" என்றார். மாணவிக்கோ சாயங்காலம் ஆனால் கட்டைவிரல் அடியிலும் மணிக்கட்டிலும் வலி. கேட்டதற்கு அவர் சொன்னது: "அழுத்தினாத்தான் மேடம் வருது."

உடன் வேலை பார்க்கும் மூத்த மருத்துவர் ஒருவர், இந்தப் பெண்ணுக்குக் கை வராது, விழிப்புணர்வுப் பேச்சுக்கும் பதிவேட்டு வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்றார். அவர் சொன்னதில் நோயாளியின் மீதான அக்கறை இருந்தது. ஆனால் கை வருமா வராதா என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு நாங்கள் யாரும் இன்னும் அந்தக் கையைப் பார்த்திருக்கவில்லை.

கையைப் பார்த்தபோது

அடுத்த நாள் முகம் தெரியாமல், கை மட்டும் தெரியும்படி செல்போனில் வீடியோ எடுத்தோம். நோயாளியிடமும் மாணவியிடமும் கேட்டுக்கொண்டுதான் எடுத்தோம். அப்புறம் மூன்று பேரும் உட்கார்ந்து மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தோம்.

கண்ணில் முதலில் பட்டது நகம். ஆள்காட்டி விரல் நகமும் கட்டைவிரல் நகமும் வெளுத்துக் கிடந்தன. விரலின் கடைசிக் கணு உள்பக்கமாக மடங்கியிருந்தது. அந்த அளவுக்குக் கருவியை நெரித்துப் பிடித்திருந்தார். சரியான பிடியில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கைப்பிடியில் எதிரெதிரே லேசாக உட்காரும். நடுவிரலின் சதை கருவியின் கழுத்தில் படியும். பல்லின் அதிர்வு அந்த நடுவிரலுக்குத்தான் வந்து சேரும். மோதிரவிரல் பக்கத்துப் பல்லின் மேல் ஊன்றி நிற்கும். மாணவியின் நடுவிரல் கழுத்தை விட்டு விலகி, காற்றில் நின்றது. மோதிரவிரல் தொடக்கத்தில் ஊன்றுகிறது, ஆனால் இழுக்கும் அந்தக் கணத்தில் எழும்பிவிடுகிறது. இழுப்பு முழுவதும் தோளிலிருந்து வந்தது.

இதைப் பார்த்ததும் எனக்கு விளங்கியது. வலை முடிபவர்கள் முடிச்சைப் போட்டதும் நூலை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்து, கையை மொத்தமாகத் தூக்கி ஒரு வெட்டு வெட்டி இறுக்குவார்கள். மாணவி பல்லில் செய்துகொண்டிருந்தது அதைத்தான். அவர் கை பழகாத கை கிடையாது. வேறொரு வேலைக்கு நன்றாகப் பழகிய கை.

இங்கே ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கைப்பிடியின் மேல் விழும் அழுத்தம் வேறு, பல்லின் மேல் விழும் அழுத்தம் வேறு. ஊன்றுவிரல் எழும்பிவிட்டால், எவ்வளவு நெரித்தாலும் அந்த பலம் பல்லுக்குப் போய்ச் சேராது. விரல் வலிக்கும், காரை தேயும், பெயராது. மாணவி தன் முழு பலத்தையும் போட்டும் காரைக்குக் கிடைத்தது போதாத அழுத்தம்.

கருவிப் பெட்டியைத் திறந்து பார்த்ததில் இன்னொன்று தெரிந்தது. முதலாண்டில் வாங்கிய க்யூரெட்டுகள், ஒருமுறை கூடத் தீட்டப்படவில்லை. கூர் பார்க்கும் பிளாஸ்டிக் குச்சியில் வைத்தால் எதுவும் பிடிக்கவில்லை, எல்லாம் வழுக்கின. மழுங்கிய முனை, தவறான கோணம், பல்லின் மேல் குறைவாக விழும் அழுத்தம் மூன்றும் சேர்ந்தால் காரை வழவழப்பாவது நிச்சயம். கோணத்திலும் கோளாறு இருந்தது. ஈறுக்குள் நுழைக்கும்போது முனையின் முகம் பல்லோடு படுத்திருக்க வேண்டும், கிட்டத்தட்ட 0 பாகை. உள்ளே போன பிறகு திருப்பி 45க்கும் 90க்கும் நடுவில், 70 – 80 பாகையில் நிறுத்தி இழுக்க வேண்டும். மாணவி சில இடங்களில் 45க்குக் கீழே இழுத்தார், சில இடங்களில் 90ஐத் தாண்டினார். ஈறுக் கீறல்கள் அந்தத் தாண்டலில் வந்தவை.

கையுறையும் ஒரு அளவு பெரிது. விரல் நுனியில் ரப்பர் மடிப்பு மடிப்பாக நின்றது. மடிப்புக்குள் நிற்கும் விரலுக்கு எந்த அதிர்வும் எட்டாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, ஈறுக்கு அடியில் சுரண்டுவதைக் கொஞ்ச நாள் நிறுத்துவது. நோயாளியின் பாதுகாப்பு ஒரு காரணம். அதைவிட, காரையை எடுக்க வேண்டும் என்ற பதற்றம் இருக்கும்வரை எந்தக் கையும் தளராது. அந்தப் பதற்றத்தை முதலில் விலக்க நினைத்தோம். கண்ணாடி பிடிப்பது, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள ஆழத்தை அளக்கும் புரோப் வைப்பது, எக்ஸ்ப்ளோரரால் தடவுவது ஆகியவற்றை நோயாளிகளிடம் தொடர்ந்து செய்யச் சொன்னோம். மாணவிக்கு இது தண்டனையாகத் தோன்றியது. "கல்லூரிக்கு எழுதிப் போட்டுருவீங்களா மேடம்" என்று கேட்டார். இல்லை என்று சொல்லி, ஏன் நிறுத்துகிறோம் என்பதை வீடியோவை வைத்தே விளக்கினேன்.

இரண்டாவது, தீட்டுதல். மழுங்கிய கருவியைக் கொடுத்துவிட்டு லேசாகப் பிடி என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. முனையின் முகத்தைத் தரைக்கு இணையாக வைத்து, கல்லுக்கும் முகத்துக்கும் இடையே 100 முதல் 110 பாகை விட்டு, குட்டை குட்டையாகத் தேய்த்து, கடைசித் தேய்ப்பைக் கீழ்நோக்கி முடிக்க வேண்டும். மேல்நோக்கி முடித்தால் விளிம்பில் மெல்லிய பிசிறு நின்றுவிடும். கிரேசியில் ஒரு விளிம்புக்கு மட்டுமே வேலை, அதை மட்டும் தீட்ட வேண்டும். நுனியின் உருண்டையைக் கூர்க்கொம்பாக ஆக்கிவிடக் கூடாது. தன் பெட்டியில் உள்ள எல்லாவற்றையும் மாணவியே தீட்டினார். தீட்டிய முனை குச்சியில் முதல்முறை 'கிரீச்' என்று கடித்தபோது அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இத்தனை நாளும் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லையாம்.

மூன்றாவது, தொடுவதன் அளவு. புரோப் வைக்க 20 முதல் 25 கிராம் அழுத்தம் போதும். இதை எத்தனை தடவை சொன்னாலும் விரலுக்குப் புரியாது. நகைக்கடையில் வைத்திருப்பது மாதிரியான சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றை மேசையில் வைத்து, அதன் தட்டில் புரோப் நுனியை ஊன்றச் சொன்னோம். எண் விறுவிறுவென்று ஏறி அந்த அளவைப் பல மடங்கு தாண்டியது. தினமும் காலையில் நோயாளி வருவதற்கு முன் தராசைப் பார்த்துப் பழகுவது, பிறகு பார்க்காமல் ஊன்றிவிட்டுச் சரிபார்ப்பது என்று வைத்தோம்.

நான்காவது, கண்ணை மூடித் தடவுவது. செயற்கைப் பல்வரிசையில் ஈறுக்கு அடியில் வரும் இடங்களில் நகப்பூச்சைப் புள்ளிகளாக வைத்துக் காயவிட்டோம். எக்ஸ்ப்ளோரரை வைத்துத் தடவி எங்கே தட்டுகிறது என்று ஒரு தாளில் அவர் குறிக்க வேண்டும். பிறகு கழற்றிப் பார்ப்போம். பிடுங்கிய பற்களிலும் செய்தோம். (இப்படிப் பயன்படுத்தும் பற்களை ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வைக்கும்போது பாதரசம் கலந்த அமால்கம் அடைத்த பல்லைச் சேர்க்கவே கூடாது. சூட்டில் பாதரச ஆவி வரும். புதிதாகத் தொடங்குபவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.) இந்தப் பயிற்சியின் போது நான் எப்போது வேண்டுமானாலும் கைப்பிடியை மெல்லப் பிடித்து இழுப்பேன், கருவி எதிர்ப்பில்லாமல் என் கைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் பிடி இறுகிவிட்டது என்று பொருள். திட்டத் தேவையில்லை, அவருக்கே தெரிந்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் மட்டும் சொல்வது என்றும் எங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டோம். ஊன்றுவிரலைக் கவனிக்கும் நாளில் தோளைப் பற்றிப் பேச மாட்டோம். நான் சரிபார்ப்பதற்கு முன் தன் வேலையை அவரே மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

உட்காரும் முறையையும் அப்போதே சரிசெய்தோம். நோயாளியின் வாய் வேலை செய்பவரின் முழங்கை உயரத்தில் வர வேண்டும். கீழ்ப் பற்களுக்கு நோயாளி தாடையைத் தாழ்த்த வேண்டும், மேல் பற்களுக்கு உயர்த்த வேண்டும். மாணவி உயரம் குறைவு. நாற்காலியை இறக்காமலே வேலை செய்துவந்ததால் தோள் தூக்கியே நின்றது.

நடந்தது

முதலில் எல்லாம் மோசமாகத்தான் போனது. வேகம் போச்சு. லேசாகப் பிடித்தால் கருவி நழுவியது, ஊன்றுவிரலை நினைத்தால் கோணம் மறந்தது. ஒருநாள் மத்தியானம், பழைய மாதிரியே செய்துகொள்கிறேன் மேடம், அதிலாவது வேலை முடிந்தது என்றார். பழகிய கையை மாற்றும்போது இந்தக் கட்டம் வராமல் இருக்காது. இந்த இடத்தில் விட்டுவிட்டால் மாணவர் பழைய பிடிக்கே திரும்பிவிடுவார், ஆயுளுக்கும் அதுதான்.

மாற்றம் முதலில் தெரிந்தது தாளில். அவர் கண்ணை மூடிக் குறித்த புள்ளிகளும் நாங்கள் வைத்த நகப்பூச்சும் மெல்ல மெல்ல ஒன்றுசேர ஆரம்பித்தன. நான் எதிர்பார்க்காத அளவுக்குச் சீக்கிரம் நடந்தது. காரணம் யோசித்தபோது மறுபடியும் வலைதான் நினைவுக்கு வந்தது. இருட்டும் நேரத்தில், வெளிச்சம் போதாத திண்ணையில், அறுந்த கண்ணியை விரலால் தடவியே கண்டுபிடித்துப் பழகிய விரல் அது. இழுக்கும் பழக்கம்தான் இடைஞ்சல் செய்தது. தடவும் பழக்கம் கைகொடுத்தது. நெரிப்பு நின்றதும் அந்த உணர்ச்சி வெளியே வந்துவிட்டது. ஒரு நோயாளியின் கீழ்க் கடைவாய்ப் பல்லில், காரை மாதிரித் தட்டுகிறது ஆனால் சத்தம் வேறு மாதிரி இருக்கிறது என்றார். பார்த்தால் பழைய அடைப்பின் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

பிறகு மறுபடி நோயாளிகளிடம் சுரண்ட அனுமதித்தோம். லேசான காரை உள்ளவர்களில் தொடங்கினோம், ஒரு தடவைக்கு வாயின் கால்பகுதி மட்டும். இழுப்பு 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் பிடியைத் தளர்த்தி, தடவிப் பார்த்து, தட்டினால் மட்டும் அடுத்த இழுப்பு. இறுக்கம் இழுக்கும் கணத்துக்கு மட்டும்.

தடைக்காலம் முடியப்போகும் சமயத்தில் வந்த ஒரு பெரியவரைக் குறிப்பிட வேண்டும். வெற்றிலை போடுபவர். கீழ் முன்பற்களின் உள்பக்கம் காரை ஒரே பாலமாகக் கட்டியிருந்தது. மாணவி மோதிரவிரலைப் பக்கத்து வெட்டுப்பல்லில் ஊன்றினார், முனையைக் காரையின் அடி விளிம்புக்குக் கீழே கொண்டுபோனார், கொஞ்சம் நின்றார். ஒரு குட்டி இழுப்பு. பாலத்தின் ஒரு துண்டு அப்படியே பெயர்ந்து கண்ணாடியின் மேல் விழுந்தது. தோள் அசையவில்லை, நகம் வெளுக்கவில்லை. துப்பிவிட்டு நாக்கால் தடவிப் பார்த்த பெரியவர், "பல்லுக்கு நடுவுல சந்து இருக்கே தாயி" என்றார். காரை அடைத்திருந்த இடம்தான் அது என்று மாணவியே அவருக்கு விளக்கிச் சொன்னார். பல் ஆடும் என்ற பயத்தை நீக்குவதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான்.

வழக்கம்போல நாலு முதல் ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு அழைத்தோம். வந்தவர்களுக்கு, மாணவி பிடியை மாற்றிய பிறகு சுத்தம் செய்த இடங்களில் புரோப் வைத்தபோது ரத்தக் கசிவு குறைந்திருந்தது. அவருடைய ஆரம்ப நாள்களில் சுத்தம் செய்யப்பட்டவர்களை நாங்களே கூப்பிட்டு, மிச்சமிருந்த காரையை எடுத்தோம். கடலுக்குப் போய்விட்டதால் சிலர் வரவில்லை.

களப்பயிற்சி முடிந்தபோது

கை வலி பெருமளவு போய்விட்டது. ஈறுக் கீறல் நின்றது. கீழ் வரிசை முழுவதும், மேல் முன்பற்களும் நம்பி ஒப்படைக்கும் நிலைக்கு வந்தார். மேல் வலது கடைவாய்ப் பற்களின் பின்பக்கம் மட்டும் இன்னும் தடுமாற்றம். அங்கே நேராகப் பார்க்க முடியாது, இடது கையில் உள்ள கண்ணாடியில் பார்த்துத்தான் செய்ய வேண்டும். அவசரம் வந்தால் ஊன்றுவிரல் எழும்பும் பழக்கமும் முழுசாகப் போகவில்லை. கூட்டம் அதிகமான முகாம் ஒன்றில் அது திரும்பி வந்ததைப் பார்த்தேன். இதையெல்லாம் அவருடைய பயிற்சிக் குறிப்பேட்டில் உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்தோம். கை வராது என்று முதலில் சொன்ன மூத்த மருத்துவரும் அதில் கையெழுத்துப் போட்டார். அடுத்து வந்த மாணவர்களுக்குத் தராசுப் பயிற்சி நடத்துவது இப்போது அந்த மருத்துவர்தான்.

இனி செய்யும் மாற்றங்கள்

களப்பயிற்சிக்கு வருபவர்களின் கருவிப் பெட்டியை முதல் நாளே திறந்து, ஒவ்வொரு முனையையும் குச்சியில் வைத்துப் பார்க்கிறோம். தீட்டத் தெரியாதவருக்கு அன்றே சொல்லிக்கொடுக்கிறோம். கையுறை மூன்று அளவிலும் வாங்கி வைத்திருக்கிறோம். விலை வித்தியாசம் ஒன்றும் கிடையாது, ஒரே அளவில் பெட்டி பெட்டியாக வாங்கிவிடும் வழக்கம்தான் தடையாக இருந்தது. அடுத்த முறை வாங்கும் க்யூரெட்டுகள் 10 மில்லிமீட்டர் விட்டமும் 15 கிராமுக்குள் எடையும் உள்ள கைப்பிடியோடு இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். பருத்த, எடை குறைந்த கைப்பிடிக்கு விரல் நெரிப்பு குறைவாகவே தேவைப்படும்.

மதிப்பீட்டுத் தாளில் பல்லுக்கு ஒரு பகுதி, கைக்கு ஒரு பகுதி என்று பிரித்துவிட்டோம். பிடி, ஊன்றல், கோணம், உட்காரும் நிலை ஆகியவற்றை வேலை நடக்கும்போதே பார்த்துக் குறிக்க வேண்டும். முடிந்தபின் பல்லை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டால், நெரித்து முடித்த கையும் பழகி முடித்த கையும் ஒன்றாகத்தான் தெரியும். மாணவர் வீட்டில் என்ன கைவேலை பார்த்தவர் என்பதையும் இப்போது கேட்டு எழுதிக்கொள்கிறோம். பனை ஓலை முடைந்தவர், வலை முடிந்தவர், தையல் வேலை பார்த்தவர் என்று எல்லாருமே ஏதோ ஒரு பழக்கத்தோடு வருகிறார்கள். அதில் எது உதவும், எது இடைஞ்சல் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டால் நோயாளியின் ஈறு தப்பும்.

முகாம்களில் மாணவர்களைச் சுரண்டும் வேலையில் விடுவதை நிறுத்திவிட்டோம். பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவரிடம் குனிந்து நின்று வேலை செய்தால் எந்தப் பிடியும் கெட்டுவிடும். முகாமில் பரிசோதனை, பல் தேய்க்கும் முறை சொல்லித் தருவது, யாருக்குச் சுத்தம் செய்ய வேண்டும் என்று குறித்துக்கொள்வது மட்டும். அவர்களை மருத்துவமனைக்கு வரவழைத்து நாற்காலியில் படுக்கவைத்துச் செய்கிறோம். இதனால் முகாமில் நாங்கள் எழுதும் 'சிகிச்சை பெற்றோர்' கணக்கு குறைந்திருக்கிறது. ஏன் குறைந்தது என்று கேட்டுக் கடிதம் வந்தது. இந்தக் காரணத்தையே எழுதி அனுப்பியிருக்கிறோம்.